மஞ்சள் வண்டியின் வகுப்பு

இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் உழைத்ததற்கு மிச்சமாக என் தோளில் ஒரு வலி உண்டு. மழை வருகிறதென்றால் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். இன்று விடிந்ததிலிருந்து குத்துகிறது. அதனால் சாய்ந்து உட்கார்ந்தபடி பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேன்சஸில் போன மாதம் அந்த மஞ்சள் வண்டி மாதிரி இன்னொன்று உருண்டு கவிழ்ந்ததால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களை இங்கே அனுப்பியிருக்கிறது. அதை ஏன் கீழ் வகுப்பில் போட்டோம் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

எங்கள் விளையாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கைவிட்ட விமானத் தளத்தின் கான்கிரீட்டில் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்துப் பாதை போடுவோம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். கூம்பைத் தட்டாமல் யார் சீக்கிரம் வருகிறாரோ அவர்தான் ஜெயித்தவர். ஓடாத நேரத்தில் ஓட்டுநர்களே வெயிலில் நின்று விழுந்த கூம்பை நிமிர்த்த வேண்டும். பல் டாக்டரும் நிற்பார், உலைக்காரனும் நிற்பான். எனக்கு அது பிடிக்கும்.

புது வண்டி ஒன்று சந்தைக்கு வந்தால் அது எந்த வகுப்பில் ஓட வேண்டும் என்று ஐந்து பேர் கூடி முடிவு செய்வோம். கீழே இருப்பது ஸ்டாக் வகுப்பு, அதில் கம்பெனி அனுப்பியபடியே ஓட்ட வேண்டும். நல்ல டயர் போட்டுக்கொள்ளலாம். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தொடக்கூடாது. வண்டி கோளாறோடு பிறந்திருந்தால் அந்தக் கோளாறோடுதான் ஓட வேண்டும், சரிசெய்தால் வெளியே அனுப்பிவிடுவோம். மேலே இருக்கும் வகுப்புகளில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அங்கே காசு உள்ளவர்கள் ஓடுகிறார்கள்.

மஞ்சள் வண்டி இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி, மேலே மடக்குத் துணி. சோதனை ஓட்டத்துக்கு என்னைத்தான் ஏற்றினார்கள். ஐந்து பேரில் என் கைதான் நிதானம் என்று பெயர். முதல் சுற்றிலேயே, கூம்புகளுக்கிடையே இடம் வலமாக வளைக்கும் இடத்தில், வண்டி ஒரு பக்கமாக எழும்பியது. பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். இன்னும் எழும்பியது. மிதித்தேன், இறங்கியது. அந்த மூலையில் நின்றவர் குனிந்து கூம்பை நிமிர்த்திக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் குழுவின் தலைவர் ராஸ்கோ, பாதி தின்ற சாசேஜ் பன்னோடு ஜன்னலில் குனிந்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"பரமசாது. ஆனா சோம்பேறி."

"பார்க்க அப்படித் தெரியலையே. கம்பெனிக்காரன் சிறுத்தைன்னு விளம்பரம் பண்றான்."

"சிறுத்தைதான். சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். மீதிச் சுற்றுகளை மெதுவாக ஓட்டினேன். நேரமும் அதற்கேற்றபடி வந்தது. மெதுவான வண்டிக்குக் கீழ் வகுப்பு. ஐந்து கைகளும் உயர்ந்தன. நான் பொய்யான நேரம் எதையும் சொல்லவில்லை, கடிகாரம் காட்டியதைத்தான் சொன்னேன்.

எழும்புகிறது என்று சொல்லியிருந்தால் ஸ்டாக் வகுப்புக்கே தகுதி இல்லை என்று தள்ளியிருப்பார்கள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. கையால் உழைத்துச் சாப்பிடுகிறவன் வாங்கக்கூடிய விலையில் ஒரு வேகமான வண்டி வந்திருக்கிறது. அதைக் காசுக்காரர்கள் வகுப்பில் கொண்டுபோய்ப் போடுவதா? அப்படித்தான் யோசித்தேன். எனக்கென்று ஒன்றை எடுத்துவைக்கும்படி ஒமாஹாவில் ஒரு விற்பனையாளரிடம், வண்டி சந்தைக்கு வந்த முதல் வாரமே சொல்லியிருந்தேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

நான் எத்தனையோ வருடம் ஓடியவன், சாம்பியன் ஆனதில்லை. சாம்பியனுக்கு ஒரு நீல ஜாக்கெட் தருவார்கள், முதுகில் வகுப்பின் பெயர் இருக்கும். அவ்வளவுதான். வேறு எதுவும் கிடையாது.

ட்வைலா எங்கள் தொழிற்சாலையில் வெல்டர். என்னைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டுக்கு வந்தாள். நான் வாங்கினேன் என்று அதே வண்டியை அவளும் வாங்கினாள். மற்றவர்கள் யாரும் அந்த வண்டியை எழும்புகிற அளவுக்கு விரட்டவில்லை. இவள் விரட்டினாள். நெப்ராஸ்காவில் நடந்த இறுதிப் போட்டியில், முதல் நாள் முடிவில், நான் இரண்டாவது. அவள் முதல்.

அன்று சாயங்காலம் என் வண்டிப் பக்கம் வந்தாள். சூடாறாத டயரில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பெருசு, மூஞ்சி தொங்குது? ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்து வெச்சிருந்தியா?"

"இன்னும் ஒரு நாள் இருக்குடி."

"இருக்கட்டும். சைஸ் பெருசா இருந்தா உனக்கே தந்துடறேன்." அப்புறம் குரலைத் தணித்தாள். "விளையாட்டு இல்ல, வெர்லின். மூணாவது வளைவுல என் வண்டி ஒரு பக்கமா தூக்குது. உன்னது தூக்குதா?"

"இல்லையே."

"ராஸ்கோகிட்ட சொல்லிடட்டுமா?"

சொன்னால் மறுநாள் அந்த மாதிரி வண்டி எதையும் ஓட விட மாட்டார்கள். அவளுடையதும் நிற்கும், என்னுடையதும் நிற்கும்.

"அவர்கிட்ட எதுக்கு? நீ வேகம் ஜாஸ்தியா போற, வேறொண்ணும் இல்ல. தூக்குதுன்னு தெரிஞ்சா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துடு. அடங்கிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நீ சொன்னா சரி" என்றாள். என் குளிர்பெட்டியிலிருந்து ஒரு சோடாவை எடுத்துக்கொண்டு போனாள்.

காலை எடுத்தால் அவள் கொஞ்சம் மெதுவாவாள் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று இவ்வளவு நாளாக எனக்கு நானே சொல்லி வந்தேன். காலை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தளத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் மூன்றாவது வளைவில் கூம்பு நிமிர்த்துகிற முறை என்னுடையது. பக்கத்திலிருந்து பார்த்தேன். வண்டி எழும்பியது. இன்ஜின் சத்தம் சட்டென்று தணிந்தது. சொன்னபடி காலை எடுத்திருக்கிறாள். துணிக் கூரை மடக்கியிருந்தது. கவிழும்போது யாருக்கும் கை தானாக வெளியே நீளும். அவளுடைய வலது கை மேலே நீண்டது, வண்டி அதன்மேல் கவிழ்ந்தது.

முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவன் நான். என் சட்டையைக் கழற்றிக் கட்டினேன். எல்லாரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள்.

குழு சார்பில் அவள் வண்டியைச் சோதித்துப் பார்த்தவனும் நான்தான். 'ஓட்டுநர் தவறு, அளவுக்கு மீறிய வேகம்' என்று சொன்னேன். அப்படியே பதிந்தார்கள். பிற்பகலில் பாதையைக் கழுவிவிட்டுப் போட்டியைத் தொடர்ந்தார்கள். அந்த வளைவில் காலை எடுக்காமல் ஓட்டினேன். ஜாக்கெட் எனக்குச் சரியாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அதைப் போட்டுக்கொண்டு போகவில்லை. அந்த அளவுக்கு எனக்கு வெட்கம் இருந்தது. முழங்கைக்கு மேலே கட்டுப் போட்டிருந்தார்கள், கீழே ஒன்றும் இல்லை. வெல்டிங் பிடித்த கை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் பேசினாள்.

"மன்னிச்சுடு வெர்லின். நீ சொல்லித்தான் அனுப்பின. காலை எடுக்க லேட் பண்ணிட்டேன் போல. உன் நாளையும் கெடுத்துட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்கள். "பரவாயில்ல, விடு" என்றேன். அவளை மன்னித்துவிட்டு வந்தேன்.

இப்போது அவள் தொழிற்சாலை வாசலில் வருகிறவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கிறாள், இடது கையால். நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் சம்பள நாளில் நண்பர்களைப் பார்க்கப் போவேன். "இன்னும் வேகமா போறியா பெருசு?" என்று கேட்பாள். சிரிப்பேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது எளிது, நீங்கள் அந்நியர். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் கேட்ட மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அது நான் அவளிடம் கேட்க வேண்டியது. ட்வைலாவுக்கு நான் பட்ட கடன் அதுதான், இன்னும் தீர்க்கவில்லை.