நாற்பத்து மூன்று கேள்விகளை நான்காகக் குறைத்தவருக்கு

உலகெங்கும் குழந்தை வறுமையைக் குறைக்கும் பொருளாதார, சமூகக் கொள்கைத் துறைக்குப் பதினோரு ஆண்டுகள் தலைமையேற்று, அதற்கு முன் பல நாட்டு அலுவலகங்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்து, இன்று அறுபதாம் அகவையில் பணி நிறைவு பெறும் எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய அம்மையாருக்கு, நான்காம் மாடி ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்.

கண்டிப்பும் கனிவும் கலந்த கண்ணியமே! கோப்புகளின் குளறுபடிகளைக் குடைந்து குடைந்து கண்டுபிடித்த கூர்மதியே! எழுதிய எண்ணுக்குப் பின்னால் எந்தப் பிள்ளை நிற்கிறது என்று எங்களை எட்டிப் பார்க்க வைத்த எம் தலைவியே! வணக்கம்.

பாராட்டு வேண்டாம், மடல் வேண்டாம், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் சங்கதி வேண்டவே வேண்டாம் என்று தாங்கள் தடை போட்டிருந்தீர்கள். “பாதி வேலையில எழுந்து போறவளுக்கு எதுக்குப்பா பாராட்டு? டீ குடிச்சிட்டுக் கலைஞ்சிடலாம்” என்று சென்ற வாரம் சொன்னீர்கள். தங்கள் சொல்லை மீறி நாங்கள் செய்யும் முதல் காரியம் இது. நாளை முதல் எங்களைத் திட்ட வழியில்லை என்ற துணிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் ‘பாதி வேலை’ என்ற பேச்சை எங்களால் விழுங்க முடியவில்லை. அந்த மனக்குறையோடு தங்களை இந்தப் படியிறங்க விட்டால், இத்தனை ஆண்டுகள் தங்களிடம் வேலை பார்த்ததற்கே அர்த்தமில்லை.

இம்மடலை எழுதும் பொறுப்பு எங்கள் படிவக்காரர் தலையில் விழுந்தது. விண்ணப்பப் படிவங்களை வடிவமைப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. “எழுதறேன். ஆனா என்னைப் பத்தி வர்ற இடத்துல ‘நான்’னு எழுத மாட்டேன், கூச்சமா இருக்கு” என்று நிபந்தனை போட்டார். ஆகவே, கீழே வரும் படிவக்காரரும் இதை எழுதியவரும் ஒருவரே என்பதை அவையோர் அறிக.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் இந்த மாடிக்கு வந்தபோது, படிவக்காரர் தம் வாழ்நாள் சாதனையை முடித்து வைத்திருந்தார். ஏழைக் குழந்தைகளுக்கான மாதாந்திர உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் படிவம் அது. பத்தொன்பது பக்கம், நாற்பத்து மூன்று கேள்விகள். கூரை எதனால் ஆனது, ஜன்னல் எத்தனை, சைக்கிள் உண்டா, உண்டென்றால் ஓடுகிறதா என்று ஒரு வீட்டையே குடைந்து எடுத்துவிடும். தகுதியில்லாத ஒருவர்கூட உள்ளே நுழைய முடியாது என்று மனிதருக்கு ஒரே பெருமை.

தாங்கள் பத்தொன்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்தீர்கள். பிறகு நகல் எடுக்கும் அறைக்குப் போய், நான்கு ரீம் காகிதத்தைச் சணல் கயிற்றால் கட்டித் தூக்கி வந்தீர்கள். பத்துக் கிலோ, ஒரு வயது தாண்டிய பிள்ளையின் எடை. “தம்பி, வரிசையில நிக்கற தாய் பிள்ளையை வச்சிருக்கற மாதிரி இதை இடுப்புல வச்சுக்கங்க. நின்னுக்கிட்டே உங்க படிவத்தை நீங்களே பூர்த்தி பண்ணுங்க. கட்டைக் கீழ வைக்கக் கூடாது” என்றீர்கள்.

ஒன்பதாவது கேள்வியில் படிவக்காரர் இடுப்பு மாற்றினார். பதினான்கில் அவருடைய கையெழுத்து அவருக்கே புரியவில்லை. இருபத்திரண்டு தொடங்கிச் சில கட்டங்களைக் காலியாக விட்டார். ஓடாத சைக்கிளை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்பது, கேள்வியை எழுதிய அவருக்கே தெரியவில்லை. வாய்க்கு வந்ததை எழுதினார். தாங்கள் வாங்கிப் பார்த்து, “தகவல் முழுசா இல்ல, விண்ணப்பம் தள்ளுபடி” என்று முத்திரை குத்தினீர்கள். அவருக்கு வந்த கோபத்தில் அன்று மாலையே இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தார்.

“கையெழுத்துப் போட்டுடறேன். ஒரு வாரம் டைம் குடுங்க. அதுக்குள்ள உங்க படிவத்துல ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக் காட்டுங்க” என்றீர்கள். சைக்கிளை எடுத்தார். சைக்கிள் போனபின் ஜன்னல் எதற்கு என்று தோன்றியது. ஜன்னலோடு கூரையும் போனது. வாரக் கடைசியில் நான்கே கேள்விகள் மிஞ்சின: பிள்ளையின் பெயர், பிறந்த நாள், வளர்ப்பவர் யார், தொகை எங்கே வந்து சேர வேண்டும். இடமாற்றக் கடிதத்தை அவரே வாங்கிக் கிழித்துப் போட்டார்.

அன்று தொடங்கியது இந்த மாடியின் வழக்கம். படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்க விரும்புகிறவர், பொருளாதார மேதையானாலும் சரி, வெளிநாட்டு ஆலோசகரானாலும் சரி, முதலில் அந்தக் காகிதக் கட்டைத் தூக்க வேண்டும். தங்கள் முதுகுக்குப் பின்னால் ‘கட்டு மேடம்’ என்று நாங்கள் பேசிக்கொண்டது தங்களுக்குத் தெரியாது என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நிதிக் குழு கூடிய நாள் மறக்கக்கூடியதா! ஒன்பது நாடுகளில், பதினெட்டு வயது வரை, ஒவ்வொரு குழந்தைக்கும், ஏழை என்று நிரூபிக்கச் சொல்லாமல் உதவித்தொகை. அந்தத் திட்டத்தை நான்கு கேள்விகளோடு முன்வைத்தீர்கள். குழுத் தலைவர் தலையசைக்கவில்லை. “சான்று கேக்காம குடுத்தா உலகம் சிரிக்கும் அம்மா. பழைய படிவமே இருக்கட்டும்” என்றார். தாங்கள் கட்டை எடுத்து அவரிடம் நீட்டினீர்கள்.

அவரோ இளமையில் பளு தூக்கிப் பரிசு வாங்கியவராம்! ஒற்றைக் கையில் வாங்கித் தோளில் சாத்திக்கொண்டார். படிவக்காரர் கவுன்ட்டர் எழுத்தராக உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, அவர் புன்னகை மாறாமல் எழுதிக்கொண்டே போனார். முப்பது கேள்வி தாண்டியும் வியர்க்கவில்லை. திட்டம் அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பின்வரிசையில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

முப்பத்தொன்றாவது கேள்வி: தந்தையின் கையொப்பம்; இல்லையெனில் அதற்கான காரணம், சான்றுடன். அவர் பக்கத்தைத் திருப்ப வேண்டியிருந்தது, தாள் நழுவியது. இரண்டு கையும் தேவைப்பட, கட்டைத் தரைவிரிப்பில் வைத்துவிட்டுக் கையொப்பம் போட்டார்.

“ஐயா, பிள்ளை தரையில இருக்கு” என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை.

அந்தப் பெரிய மனிதர் சட்டென்று குனிந்து கட்டை எடுத்தார். எடுத்தவர், அதன் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டார். அந்தக் கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அத்தோடு வெற்றி என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். ஆனால் குழு தந்தது ஆறு வயது வரை மட்டுமே. அதற்கு மேல் பழைய படிவம், பழைய சான்று. தாங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டபோது படிவக்காரர் தாழ்வாரத்தில் தங்களை மறித்துக் கத்தியதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறார்: “மூணுல ஒரு பங்குக்குப் போய்த் தலையாட்டிட்டீங்களே மேடம்!” தாங்கள் கோபிக்கவில்லை. “இன்னிக்கு வேணாம்னு எழுந்து வந்திருந்தா, தொட்டில்ல இருக்கற பிள்ளைக்கும் ஒண்ணும் கிடைச்சிருக்காது. மீதிப் பன்னிரண்டு வருஷத்தையும் வாங்கிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்” என்றீர்கள். கத்தியதற்காக அவர் இன்று மன்னிப்புக் கேட்கிறார்.

சென்ற ஆண்டு ஒரு நகரத்தின் உதவித்தொகை கவுன்ட்டரில், யாரென்று சொல்லாமல் வரிசையில் நின்றீர்கள். படிவக்காரரும் உடன் நின்றார். முன்னால் நின்றவர் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் பெண், வெந்நீரில் ஊறிய விரல்கள். அவருடைய மகளுக்கு முந்தின வாரம் ஆறு வயது முடிந்திருந்தது. “இனிமே வராதும்மா, வயசு தாண்டிருச்சு. வேணும்னா அந்தப் பெரிய படிவத்தைச் சான்றோட பூர்த்தி பண்ணிக் குடுங்க” என்றார் எழுத்தர். “ஆறு முடிஞ்சா பசி நின்னுடுமா?” என்று கேட்டார் அந்தப் பெண். சண்டைக்குக் கேட்கவில்லை; உண்மையிலேயே ஏதேனும் விதி இருக்கிறதோ என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். தாங்கள் திரும்பி வரும் வழியிலேயே அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டீர்கள். அந்த ஒரு வரியை முதல் பக்கத்தில் வைத்துத்தான், தொகையைப் பதினெட்டு வயது வரை நீட்டிக்கும் புதிய திட்ட அறிக்கை தொடங்குகிறது. அடுத்த மாதம் அதே நிதிக் குழுவின் முன் அது வாக்கெடுப்புக்கு வருகிறது. தாங்களோ இன்று ஓய்வு பெறுகிறீர்கள். ‘பாதி வேலை’ என்று தாங்கள் சொன்னது இதைத்தான்.

அம்மையீர்! ஒன்பது நாடுகளில் யாரிடமும் கைகட்டி நிற்காமல் ஆறு வயதைத் தொட்ட பிள்ளைகளை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். கூட்டங்களில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் படிவக்காரரை அடுத்த மாதம் அந்த மேடையில் பேசச் சம்மதிக்க வைத்ததும் தாங்களே. “நீங்க வந்து ஒரு வார்த்தை பேசினா போதும்” என்று கெஞ்சியவரிடம், “நான் போன பிறகும் நடக்கணும்ல? நீங்களே பேசுங்க” என்றீர்கள். தடுமாறினாலும் பேசுவார். நாங்கள் அத்தனை பேரும் பின்னால் நிற்போம். தாங்கள் பார்வையாளர் வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். அது தங்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை, முன்வரிசையில் அமர்ந்து இப்போது சிரிக்கும் தங்கள் கணவர் அறிவார். வீட்டு மளிகைப் பட்டியலிலும் தேவையற்ற வரிகளைத் தாங்கள் அடித்துவிடுவதாக அவரே எங்களிடம் புகார் சொன்னார்.

நீடு வாழ்க, நலமுடன் வாழ்க என்று வாழ்த்தி முடிப்பது மடலின் முறை. நாங்கள் கொஞ்சம் குறிப்பாகவே வாழ்த்துகிறோம். அடுத்த மாதம் திட்டம் நிறைவேறினால், அன்று பிறக்கும் பிள்ளை பதினெட்டை முடிக்கும் நாளில் தங்களுக்கு எழுபத்தெட்டு வயது. ஓராண்டு தள்ளிப்போனால் எழுபத்தொன்பது. இன்னும் ஓராண்டு இழுத்தடித்தால் எண்பது. நாங்கள் எத்தனை ஆண்டு தாமதித்தாலும் அத்தனை ஆண்டும் தாங்கள் கூடுதலாக, திடமாக, கண்ணும் காதும் தெளிவாக வாழ்ந்தே தீர வேண்டும். அந்தப் பிள்ளையை நாங்கள் தேடிப் பிடித்துத் தங்களிடம் அழைத்து வருவோம். அதற்குத் தங்களை யாரென்று தெரியாது. ஏழை என்று நிரூபிக்கச் சொல்லி ஒருவரும் கேட்காமலே வளர்ந்த பிள்ளைக்கு, அப்படிக் கேட்கவிடாமல் தடுத்தவரை எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரியும் அம்மா. நன்றி.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
இரவுக் காவலர் முதல் துணைத் தலைவர் வரை,
நான்காம் மாடி ஊழியர்கள்