டிரசரய்யா சுட்ட எலும்புக்கரி

இல்லீங்க டிரசரய்யா, ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வரல, உக்கார எல்லாம் வேண்டாம். நின்னுக்கிட்டே கேட்டுட்டுப் போயிடுறேன். எங்க வூட்டுக்காரரு, அதான் மாரியம்மன் கோயில் பூசாரி ஐயாசாமி, வெளிய ஆம்பளைங்களோட நிக்கிறாரு பாருங்க. அங்கம்மா, நீ போயி கேளு, பொம்பளைன்னா அந்தாளு வாயத் தொறப்பாருன்னு என்னைய உள்ள தள்ளி விட்டிருக்காரு.

அந்தத் தகர பீப்பாயில கரி போட்டுத் தண்ணி வடிக்கிறீங்களே, அது என்ன எலும்பச் சுட்ட கரி?

ஆட்டெலும்பா? பெக்கோக் டவுனு ருக்னுதீன் பாய் கறிக்கடையிலயா? யாரு காதுல பூ சுத்துறீங்க? பாய் அறுக்குறதே ஞாயித்துக்கிழமைக்கு ஒரு ஆடு. அதுலயும் பாதி எலும்ப கறியோட சேத்து நம்ம தலையிலதான் கட்டுவாரு. பீப்பா நெறைய கரிக்கு எலும்பு ஏது? நீங்க சுடுறப்ப நானே பாத்தேன், என் கை தடிமனுக்கு ஒரு எலும்பு. அந்தத் தடிக்கு எந்த ஊர்லய்யா ஆடு மேயுது?

அட தெரியும்யா. லாலாங் புல்லு சாவணும்னு தோட்டத்துத் துரை தெளிக்கச் சொன்ன விஷ மருந்து, மழையில கரைஞ்சு ஆத்துல எறங்கிடுச்சு. கெணத்துலயும் ஊறிடுச்சு. இந்தக் கரி விஷத்த இழுத்துக்கும்னு நீங்க சொல்றீங்க. லயத்து வூடு பூரா வயித்தப் புடிச்சிக்கிட்டு கெடக்குது, ஆத்துத் தண்ணியக் குடிக்க யாருக்கு ஆசை? ஆனா மாட்டெலும்புன்னு காதுல விழுந்துச்சுன்னா, எங்காளுங்க செத்தாலும் வாயில வைக்க மாட்டாங்க. எங்க வூட்டுக்காரரு பீப்பாயவே ஒடச்சுப் போட்டுருவாரு.

இன்னொன்னு கேக்குறேன், மூஞ்சியத் திருப்பாதீங்க. போன மழைக்குக் கன்னு போட முடியாம செத்துச்சே எங்க செவலைப் பசு, அத வேலியோரமா பொதச்சோம். மஞ்ச குங்குமம் வெச்சு, அழுது பொதச்ச மாடுய்யா அது. நேத்து வெறகு பொறுக்கப் போனா, குழி தோண்டிக் கெடக்குது. காட்டுப்பன்னியா? காட்டுப்பன்னி என்ன மம்பட்டி வெச்சா தோண்டும்? வெட்டு வெட்டா மண்ணுல தெரியுது. யாரும் பாக்குறதுக்குள்ள நாந்தான் காலால மண்ணத் தள்ளி மூடிட்டு வந்தேன். அவருகிட்ட மூச்சு விடல.

ஏன் மூடுனேன்னா கேக்குறீங்க?

எம்மவ புஷ்பவள்ளி வாந்தி எடுத்து எடுத்து, கண்ணு உள்ள போயி, சுருண்டு கெடந்தா. பெத்த மனசு கேக்குமா? அவருக்குத் தெரியாம ஒங்க பீப்பாத் தண்ணியத்தான் ஒரு வாரமா குடுத்துக்கிட்டு வாரேன். இன்னிக்குக் காலையில எந்திரிச்சு உக்காந்து, கஞ்சி குடும்மான்னு கேட்டாய்யா. உப்புக்கல்லு போதலன்னு என்கிட்டயே சண்டை போட்டா.

ஐயய்யோ, இருங்க! வாயத் தொறக்காதீங்க. ஆடா மாடா, ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க ஏசுசாமி கும்புடுற வேதக்காரரு, ஒங்க சத்தியம் அவங்ககிட்ட செல்லாது. நாந்தான் இப்பப் போயி அம்மன் முன்னாடி கற்பூரம் அணைச்சு, ஆட்டெலும்புதான்னு சத்தியம் பண்ணணும். தெரிஞ்சுக்கிட்டா அது பொய்ச்சத்தியம் ஆயிடும்ல? நீங்க ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல. வரேங்க.