மூன்று கை செய்த வண்டிக்கு ஒரு கையெழுத்து போதாது

கச்சியம்பதியில் பிறந்து, கண்ணில் பட்ட பிழையைக் கண்டும் காணாமல் கடந்துபோகக் கடைசிவரை கற்றுக்கொள்ளாதவரே, முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் முற்றத்தை விட்டு வெளியேறிய ஒவ்வொரு வண்டியின் அடியிலும் படுத்து ஆணி ஆணியாய் ஆராய்ந்தவரே, எங்கள் தொழிற்கூடத்தின் தர ஆய்வுத் தலைவர் ஏலவார்குழலி அம்மையாரே, வணக்கம்.

பணி நிறைவு வாழ்த்து மடல் என்றால் முகம் பார்த்துப் படிப்பதே முறை. ஆனால் இதில் வரும் சில செய்திகளை உங்கள் முகம் பார்த்துச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. ஆகவே இங்கே கூடியிருக்கும் அவையோருக்குச் சொல்வதுபோல் சொல்கிறோம். நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

அவையோரே, அம்மையார் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்து, வாலாஜாபாத் சாலையிலுள்ள இந்தப் பாலாறு வாகனக் கூண்டுத் தொழிற்கூடத்தில் இருபத்து நான்கு வயதில் சேர்ந்தார். எங்கள் வேலை என்னவென்று அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெருநிறுவனம் எஞ்சினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் மட்டும் உள்ள சேசிஸை அனுப்பும். அதன்மேல் தரை, கூரை, கதவு, இருக்கை எல்லாம் அமைத்துக் கூண்டு கட்டுவது நாங்கள். அதற்குப் பிறகு வண்டியை வாங்கியவர் வேறோரிடத்தில் குளிர்சாதனமும் கேமராவும் பொருத்திக்கொள்வார். சாலையில் நிற்பவர் கண்ணுக்கு அது ஒரே பேருந்து. உண்மையில் அது மூவர் செய்த வண்டி.

நான்காண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதக் காலையில், முப்பத்தொரு பிள்ளைகளோடு போன பள்ளிப் பேருந்தொன்று திருப்புட்குழி அருகே புகைந்தது. குளிர்சாதனம் பொருத்தியவர்கள் ஃபியூஸ் வைக்காமல் பேட்டரியிலிருந்து நேரே இழுத்த ஒயர், தரைக்கடியில் உரசி உரசித் தோலுரிந்து பற்றிக்கொண்டது. பின்பக்க அவசரக் கதவைத் திறக்கப் போனால், அதன் கீலுக்குக் குறுக்கே அவர்களே முடுக்கியிருந்த குழாய் தடுத்தது. நான்கு விரற்கடைக்கு மேல் கதவு அசையவில்லை. வண்டியில் உதவியாளராக இருந்த மஹாலட்சுமி, புகைக்குள் நின்று, முன்வாசல் வழியாகப் பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கினார். ஒரு பிள்ளைக்கும் தீங்கில்லை. பயந்துபோய் இருக்கைக்கடியில் ஒளிந்துகொண்ட கடைசிப் பிள்ளையை இழுத்தெடுத்தபோது அவருடைய வலக்கை முழங்கை வரை வெந்தது. அந்தக் கையின் விரல்கள் இன்றும் மடங்குவதில்லை.

அதன்பின் வந்த விசாரணையை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வயிறு எரிகிறது. கூண்டு கட்டியான பிறகு வண்டி எங்களுடையதன்று என்றது சேசிஸ் நிறுவனம். பாதுகாப்புச் சான்றிதழில் எங்கள் பெயரே இல்லையே என்றது குளிர்சாதனக் கடை. சான்றிதழில் இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. அது ஏலவார்குழலி அம்மையாருடையது. அவர் கையெழுத்திட்ட நாளில் அந்த வண்டியில் குளிர்சாதனமே இல்லை, அவசரக் கதவு முழுவதுமாகத் திறந்தது, அதை அளந்து பதிவேட்டில் எழுதியும் வைத்திருந்தார். எட்டு மாதம் கழித்து எவரோ குறுக்கே குழாய் வைத்ததற்கு, அவர் இரண்டு மாதம் பணியிடை நீக்கத்தில் இருந்தார். செய்தவர் சிரித்துக்கொண்டு திரிய, சரியாகச் செய்தவர் தலைகுனிந்து நின்ற காட்சியை எங்கள் கண்ணாலேயே கண்டோம்.

அந்த நாட்களில் அவரை அரித்தது வேலை போனதன்று, வேறொன்று. பொறுக்காமல் ஒருநாள் பேருந்தேறித் திருப்புட்குழிக்கே போனார். கையில் கட்டோடு கதவைத் திறந்த மஹாலட்சுமி, யாரென்று கேட்டறிந்ததும், உட்காரச் சொல்லவில்லை.

"உன் கையெழுத்துதானேம்மா அதுல இருந்துச்சு?"

"ஆமாம்மா. என்னோடதுதான்."

"நீ போட்டப்போ கதவு தொறந்துச்சா?"

"தொறந்துச்சு. ஆனா பின்னாடி வேற ஒருத்தர் வந்து எதையாவது மாட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கினேதான் போட்டேன். விதியில அதுக்கு மேல எடம் இல்லன்னு சும்மா இருந்துட்டேன்."

மஹாலட்சுமி நகர்ந்து அவருக்கு வழிவிட்டார். பிறகு, "அப்போ எடம் பண்ணும்மா" என்றார்.

அந்த ஆண்டே, பலர் சேர்ந்து செய்யும் வண்டிகளுக்கான பாதுகாப்புச் சான்று விதியைத் திருத்த ஒரு குழு சென்னையில் கூடியது. வரைவு விதியைப் படித்த அம்மையாருக்கு உடம்பெல்லாம் பற்றியது. கடைசியாகக் கூண்டு கட்டியவரே முழு வண்டிக்கும் பொறுப்பு என்று, நடந்த அநியாயத்தையே சட்டமாக எழுதியிருந்தார்கள். சிறு கூண்டுத் தொழிற்கூடங்களின் சங்கம் அவரைத் தன் பிரதிநிதியாக அனுப்பியது. அவர் கேட்டவை சிக்கலானவை அல்ல. சேசிஸ் செய்தவர், எவ்வளவு எடை தாங்கும், எங்கே துளையிடலாம், எங்கே வெல்டு வைக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டுச் சேசிஸோடு அனுப்ப வேண்டும். கூண்டு கட்டுபவர் தம் வேலைக்குக் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகு எவர் எதைப் பொருத்தினாலும் வண்டி மறுபடி ஆய்வுக்கு வர வேண்டும், பொருத்தியவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொள்ள வழியிருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நான்காவது அமர்வில் சேசிஸ் நிறுவனத்தின் பிரதிநிதி, கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "நீங்க பட்டுச் சேலை ஊர்க்காரங்க மேடம். பிரேக், அச்சு இதெல்லாம் எங்ககிட்ட விட்டுடுங்களேன்" என்றாராம். சிலர் சிரித்திருக்கிறார்கள். அம்மையார் சிரிக்கவில்லை.

"சேலை வேணும்னா வெளியில போய்ப் பேசலாம் சார், நல்ல கடையா காட்டறேன். நீங்க குடுத்த தாள்ல பதினேழாம் பக்கத்துல பின் அச்சு எவ்ளோ தாங்கும்ன்ற கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்க. அதை இப்போ சொல்லுங்க."

அடுத்த அமர்வுக்கு அந்தக் கட்டம் நிரம்பி வந்தது.

ஆறாவது அமர்வில்தான் பெருநிறுவனத்தார் வலை விரித்தார்கள். சேசிஸோடு எழுத்து தர வேண்டும் என்ற கோரிக்கையை அம்மையார் கைவிட்டால், சிறு தொழிற்கூடங்களுக்குப் புதிய சோதனைகள் அனைத்திலிருந்தும் முழு விலக்கு. சங்கத்தார் மகிழ்ந்தார்கள். எங்கள் முதலாளி பத்மராஜ் அவர்கள், "நாம தப்பிச்சிட்டோம்மா, ஒத்துக்குங்க" என்றார்.

"விலக்கு நமக்குத்தான் சார். உள்ள உக்காந்துக்கினு போற புள்ளைங்களுக்கு யார் விலக்கு குடுக்கறது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நாளே மறுப்புக் கடிதம் அனுப்பினார்.

அடுத்த வாரம் முதல் எங்கள் முற்றத்துக்குச் சேசிஸ் வரவில்லை. கேட்டால், உற்பத்தித் தாமதம் என்றார்கள். அதே நாட்களில் பக்கத்துத் தொழிற்கூடங்களுக்கு வரிசையாய் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஆறு வாரம் எங்கள் கொட்டகை காற்று வாங்கியது. வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டோம்.

இனிச் சொல்வதுதான் முகம் பார்த்துச் சொல்ல முடியாதது. பசி வந்தவுடன் எங்கள் கோபம் பெருநிறுவனத்தின் மேல் பாயவில்லை. பக்கத்தில் இருப்பவர் மேல் பாய்ந்தது. வெல்டிங் பிரிவின் மேஸ்திரி கதிர்வேல் எழுத, ஏலவார்குழலி அம்மையாரைப் பேச்சுவார்த்தையிலிருந்து விலக்குமாறு முதலாளிக்கு மனுக் கொடுத்தோம். ஐம்பத்தெட்டுப் பேரில் நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்டோம். மற்றவர்கள் மறுத்தார்களே தவிர, அவர் பக்கம் நின்று ஒரு சொல் பேசவில்லை. யாருக்காக அவர் மல்லுக்கு நின்றாரோ, அவர்களே அவர் முதுகில் குத்தினோம். இதைவிட இழிவு வேறு என்ன இருக்கிறது.

முதலாளி அந்த மனுவை அவரிடம் நீட்டினார். அவர் ஒவ்வொரு பெயராக, அவசரமில்லாமல், கடைசிவரை படித்தாராம். "இவங்க பயம் நியாயம்தான் சார்" என்று திருப்பிக் கொடுத்தாராம். "ஆனா இன்னும் மூணு அமர்வு இருக்குது."

சங்கமும் அவர் பெயரை நீக்கியது. முதலாளி பயண அனுமதி மறுத்தார். அம்மையார் தம் சொந்த விடுப்பில் போகத் தயாரானார், ஆனால் குழுவுக்குள் நுழைய அவருக்கு இனி உரிமை இல்லை. அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தது மஹாலட்சுமி. பாதிக்கப்பட்டோர் தரப்பைக் குழு கேட்க வேண்டும் என்று மனுப்போட்டு, தமக்குத் துணையாகப் பேச ஏலவார்குழலியைப் பெயர் குறித்தார். எந்த வண்டியின் சான்றிதழில் அம்மையாரின் கையெழுத்து இருந்ததோ, அந்த வண்டியில் கை வெந்தவர், அவரைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

எட்டாவது அமர்வில், பொறுப்பை மூன்றாகப் பங்கிட்டால் குழப்பம் வரும் என்று சேசிஸ் நிறுவனப் பிரதிநிதி அரைமணி நேரம் விளக்கினார். அவர் முடித்ததும் மஹாலட்சுமி எழுந்து, மேசைமேல் தம் வலக்கையை வைத்தார்.

"வண்டியை மூணு பேர் செஞ்சீங்க. வெந்தது ஒரு கை. இதை யார்கிட்ட காட்றது, சொல்லுங்க."

கேட்டுவிட்டு அவர் உட்காரவில்லை. பதினைந்து நிமிடம் நின்றபடியே இருந்தார் என்று அம்மையார் பின்னர் எங்களிடம் சொன்னார். குழுத் தலைவர் அன்று மாலையே அந்த மூன்று கையெழுத்தையும் விதியில் சேர்க்கச் சொன்னார். ஒன்பதாவது அமர்வில் நிறைவேறியது. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளுக்கு இந்த விதி பொருந்தாது என்று ஒற்றை வரியில் தப்பவிட்டார்கள்.

விதி வெளியானபோது நடந்த கூத்தையும் அவை அறிய வேண்டும். தொலைநோக்கோடு ஒத்துழைத்ததற்காகப் பெருநிறுவனத்துக்கு அறிக்கையில் நன்றி சொன்னார்கள். அதே கோட்டுக்காரர் மேடையேறி, நாங்கள் தொடக்கம் முதலே வலியுறுத்தியது இதைத்தான் என்று பேசினார். மாலையும் வாங்கிக்கொண்டார். ஏலவார்குழலி என்ற பெயரோ மஹாலட்சுமி என்ற பெயரோ ஓரிடத்திலும் இல்லை. அழைப்பிதழ்கூட வரவில்லை. எங்களுக்குக் கொதித்தது. அம்மையாரோ அந்த அறிக்கையில் இருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கோப்பில் வைத்தார்.

சேசிஸ் மறுபடி வரத் தொடங்கியது. முதல் வண்டியோடு, விதிப்படி, நாற்பத்தாறு பக்க எழுத்தும் வந்தது. அதைக் கதிர்வேல் மேஸ்திரி வாங்கிக்கொண்டு போய், மதிய உணவை மறந்து படித்தார். பிறகு அம்மையாரின் அறைக்குப் போனார். மனுவுக்குப் பின் அவர் அந்த அறைக்குள் போனதே அன்றுதான்.

"சேசிஸோட மேல் விளிம்புல வெல்டு வெக்கவே கூடாதுன்னு போட்டிருக்குதும்மா. விரிசல் விடுமாம். பதினோரு வருஷமா நான் அங்கதான் வெச்சிக்கினு இருக்கேன். யாரும் சொல்லவேயில்லியே."

பதினோரு ஆண்டுகள். தெரிந்தவர்கள் தெரிந்தே வைத்திருந்தார்கள், சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததால் சொல்லவில்லை. எங்கள் கதிர்வேல் அன்று அந்த அறையில் நின்று அழுதார். அம்மையார் அவரைத் தேற்றவுமில்லை, பழையதைக் கிளறவுமில்லை.

"எத்தினி வண்டி இருக்கும்பா?"

"நானூறு இருக்கும்மா."

"உக்காரு. ஒண்ணொண்ணா எழுதலாம்."

அன்றிலிருந்து அம்மையார் ஓய்வு பெறும் இந்நாள் வரை, பதினான்கு மாதங்களாக, பழைய பதிவேடுகளைப் புரட்டி, உரிமையாளர்களைத் தேடிப் பிடித்து, ஞாயிறுதோறும் வண்டிகளை வரவழைத்து, அந்த வெல்டுகளை நீக்கி, கூண்டின் தாங்கிகளை அந்த எழுத்தில் சொன்னபடி போல்ட் போட்டுப் பொருத்துகிறோம். கையெழுத்திட்ட நாற்பத்தொரு பேரில் வராதவர் எவருமில்லை. இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் முடிந்திருக்கின்றன. ஒன்பதில் விரிசல் கண்டிருந்தது.

போன ஞாயிறு வாலாஜாபாத்து அரிசி ஆலையொன்றின் ஆள் ஏற்றும் வண்டியை ஓட்டி வந்தவர், நாள் வீணாகிறதென்று சலித்துக்கொண்டார். "பழைய வண்டிக்கு வேணாம்னு விதியிலயே போட்டிருக்குதாமே மேடம்?"

அம்மையார் ஏற்கெனவே வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். டார்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. உள்ளிருந்து குரல் வந்தது.

"விதிக்கு வேணாம்பா. வண்டிக்கு வேணும்."

அம்மையீர், மீதமுள்ள வண்டிகளின் பட்டியல் இனி எங்கள் பொறுப்பு. உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்று வாழ்த்த எங்களுக்குத் தகுதியுமில்லை, நீங்கள் கேட்கப் போவதுமில்லை. ஏகம்பத்தான் அருளால் நூறாண்டு நோயின்றி, கண்ணொளி குன்றாமல், முழங்கால் வலிக்காமல் வாழ்க. அநியாயம் கண்டால் உங்கள் நெஞ்சில் எழும் அந்தச் சினம் எங்கள் நெஞ்சிலும் மூண்டு, பக்கத்தில் இருப்பவர் மேல் பாயாமல், பாய வேண்டிய இடத்தில் பாய்க.

தலைதாழ்ந்து,
பாலாறு வாகனக் கூண்டுத் தொழிற்கூடப் பணியாளர்கள் ஐம்பத்தெழுவர்,
காஞ்சிபுரம்