இன்ஸாஃப் குடிக்காத தண்ணீர்

நெர்மீன்: …கையை ஆட்டாதீங்க ஹாஜ்ஜா. ஊசி விலகிடும். மறுபடி நரம்பு தேட எனக்குத் தெம்பில்லை.

இன்ஸாஃப்: ஹாஜ்ஜான்னு கூப்பிடாதே. நான் ஹஜ்ஜுக்கே போனதில்லை.

நெர்மீன்: வயசானவங்களை எங்க வார்டுல எல்லா நர்ஸும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

இன்ஸாஃப்: எல்லாரும் ஒரே ஆளுன்னு நெனப்பு. என் பேரு இன்ஸாஃப்.

நெர்மீன்: நேத்து அந்தப் பேரே உங்களுக்கு ஞாபகம் இல்லை. என்னைப் பார்த்து, ‘அத்தியாத், மாவு பொங்கிடுச்சா’ன்னு கேட்டீங்க.

இன்ஸாஃப்: அத்தியாத் என் தங்கச்சி. போய்ச் சேர்ந்துட்டா… நெஜமாவா கேட்டேன்?

நெர்மீன்: கேட்டீங்க. இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு நடக்க ஆரம்பிச்ச ஆளு, திடீர்னு இப்படி. ரத்தத்தைச் சோதிச்சா, உடம்புல தண்ணியே இல்லைங்கறாங்க. இந்த பாட்டில் ஏறினப்புறம்தான் தெளிஞ்சிருக்கீங்க.

இன்ஸாஃப்: இங்க தண்ணியில மருந்து நாத்தம்.

நெர்மீன்: உங்க பையன் கரும்புச்சாறு வாங்கி வெச்சிட்டுப் போனாரே?

இன்ஸாஃப்: பக்கத்துக் கட்டில்காரி குடிச்சா.

நெர்மீன்: காலைல நான் ரொப்பி வைக்கற ஜாடி? சாயங்காலம் காலியா இருக்குமே?

இன்ஸாஃப்: ஜன்னல்ல புதினாத் தொட்டி இருக்கு…

நெர்மீன்: நல்லாயிருக்கு. புதினா தழையுது, நீங்க காயறீங்க. எதுக்கு இந்த வேலை?

இன்ஸாஃப்: குடிச்சா… போகணும்ல.

நெர்மீன்: போனா என்ன?

இன்ஸாஃப்: தனியா எந்திரிக்கக் கூடாதாம். மணி அடிச்சு உன்னைக் கூப்பிடணும். கூப்பிட்டா நீ…

நெர்மீன்: வருவேன்ல?

இன்ஸாஃப்: வருவே. பெருமூச்சு விட்டுக்கிட்டே வருவே. அன்னைக்கு வாசல்ல நின்னு சொன்னியே. ‘கிழத்துக்கு இதே வேலையாப் போச்சு. டயப்பரை மாட்டி விடு, கிடக்கட்டும்’னு.

நெர்மீன்: அது… உங்களைச் சொல்லலை.

இன்ஸாஃப்: அப்புறம் யாருக்கு மாட்டினே?

நெர்மீன்: இத்தனை கட்டிலுக்கு நாங்க ரெண்டே பேரு. காலெல்லாம் வீங்கிப் போச்சு எனக்கு.

இன்ஸாஃப்: உன் செருப்புச் சத்தத்துலயே தெரியும் மா. ஆனா மில்லுல சம்பாதிச்சுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவ நான். படுத்த இடத்துல போக மனசு வரலை. அதுக்குக் குடிக்காமலே இருக்கலாம்னு…

நெர்மீன்: இதை டாக்டர்கிட்ட ஏன் சொல்லலை? குடிக்க மறந்துட்டேன்னு சொல்லியிருக்கீங்க. அவர் உங்களுக்குப் புத்தி மங்கிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டார். உங்க பையன் வஜீஹ் தந்தா ஊர்ல முதியோர் இல்லம் பார்க்கறார்.

இன்ஸாஃப்: வஜீஹா? என்… என் வீட்டுக்குப் போக முடியாதா அப்போ?

நெர்மீன்: உள்ளதைச் சொல்லியிருந்தா இவ்வளவு வந்திருக்குமா?

இன்ஸாஃப்: எப்படிச் சொல்வேன்? டாக்டர் எட்டிப் பார்த்துட்டுப் போயிடுவார். அப்புறம் நான் உன் கையிலதானே கிடக்கணும்.

நெர்மீன்: டாக்டர் இன்னும் கீழதான் இருக்கார். நான் போய்ச் சொல்லிடறேன். இன்ஸாஃப் அம்மாவுக்கு மறதி ஒண்ணும் இல்லை… அவங்க தலைமாட்டு மணி அடிக்காம இருக்க வயரைப் பிடுங்கினது நான்தான்னு.

இன்ஸாஃப்: தெரியும். அன்னைக்கு நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

நெர்மீன்: …போயிட்டு வந்துடறேன்.

இன்ஸாஃப்: இரு மா. முதல்ல என்னை எழுப்பி விடு. நீ வந்ததுலேருந்து அடக்கிக்கிட்டிருக்கேன்.