எல்லை ஓடைக்கு அப்பால்

அக்கிராசனர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் கம்பெனித் துரை அவர்களே! கடையடைத்து வந்திருக்கும் பதுளை வர்த்தகப் பெருமக்களே! அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து மழையில் நனைந்து வந்து பின்னால் நிற்கும் சனங்களே! நம் வெண்பாறைக் கம்பெனியின் பெரிய கிளாக்கர், கணக்குக் கேசரி ராமாமிர்தம் பிள்ளை அவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம். பக்கத்து மேசையில் இரண்டாவது கிளாக்கராக உட்கார்ந்து தேய்ந்தவன் என்பதால் முதலில் பேச என்னை அழைத்தார்கள். அழைத்தவர்கள் பிறகு வருத்தப்படக் கூடாது.

பெரியவர் செய்த தொண்டு என்ன? நம் கம்பெனிக்கு அசாமில் தோட்டம் உண்டு, மலாயாவில் உண்டு, இங்கே உண்டு. ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்று மூன்றையும் ஒப்பிட்டு, ஆண்டுதோறும் லண்டனில் ஓர் அட்டவணை போடுவார்கள். அதில் நம் மலை கடைசியில் கிடந்தது. துரைமார் தலை குனிந்தார்கள். பெரியவர் மட்டும் குனியவில்லை. “சாவக் கொறைக்க நம்மால ஆகாதுங்க. சாவுன்னா எதுன்னு நாம சொல்லலாம்ல?” என்றார். எப்பேர்ப்பட்ட மூளை!

மற்ற தோட்டங்களின் விதிகளை வரவழைத்துப் படித்தார். ஓரிடத்தில், ஆஸ்பத்திரியில் இறந்தவன் ஆஸ்பத்திரிக் கணக்கு, தோட்டத்துக் கணக்கு அல்ல. இன்னோரிடத்தில், பச்சைக் குழந்தை ஒரு மாதம் தாண்டினால்தான் பிறந்ததாகவே கணக்கு. பிறக்காதது எப்படிச் சாகும்? ஆளுக்கொரு படியால் அளந்துவிட்டு, யாரிடம் நெல் அதிகம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்! எல்லாருக்கும் ஒரே படி வேண்டும் என்று பெரியவர் கேட்டாரா? சாவை அளக்க நமக்கென்று எல்லாரையும்விடப் பெரிய படி ஒன்றைச் செய்துகொண்டார். அளந்தால் குறைவாகத்தானே வரும்!

அவர் வகுத்த விதி இதுதான். துரைமார் நீங்கலாக யாராயினும், தோட்டத்து எல்லைக்குள் மூச்சு நின்றால்தான் சாவு. வேலைக்கு வராமல் எல்லைக்கு வெளியே கிடப்பவன் ஓடிப்போனவன். அவன் பேர் வெட்டப்படும். கங்காணிமார் உடனே புரிந்துகொண்டார்கள். காய்ச்சலில் கண் சொருகியவர்களைக் கம்பளியில் போட்டுத் தூக்கி, எல்லை ஓடையைத் தாண்டி, பெரகல ரோட்டோரம் இறக்கினார்கள். அடுத்த அட்டவணையில் நாம்தான் முதலிடம்! பெரியவருக்கு லண்டனிலிருந்து வெள்ளிக் கடிகாரம் வந்தது.

பின்வரிசையில் மாரியாயி நிற்கிறாள். அவள் புருஷன் நல்லையாவை அப்படித்தான் தூக்கிப்போனார்கள். ரோட்டோரம் புதைத்துவிட்டுத் திரும்பினால், அவர்கள் குடியிருந்த லயத்து அறையில் வேறு குடும்பம். வேலையில் இருக்கும்போது இறந்தவன் பெண்டாட்டி இருந்த வீட்டிலேயே இருக்கலாம் என்பது கம்பெனிச் சட்டம். அதைக் கேட்க ஆபீசு வாசலுக்கு வந்தாள். பெரியவர் கோபப்படவில்லை, அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. “செத்தவன் பொண்டாட்டிக்குத்தான் வீடு. ஒம் புருஷன் ஓடிப்போனவன், தாயீ” என்றார்.

போன மாதம் பெரியவர் தாமே தோட்டம் பார்க்கப் போனார். மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு, லயத்து வாசலில் சாய்ந்துவிட்டார். கங்காணி மாடசாமி விதி அறிந்தவர். கம்பளி வந்தது. தான் பெரிய கிளாக்கர் என்று பிள்ளையவர்கள் முனகினாராம். “தெரியுமுங்க. ஒங்க சட்டந்தானுங்க” என்றாராம் மாடசாமி. ஓடையைத் தாண்டிய பிறகு, பெரகல ரோட்டில் உயிர் பிரிந்தது. மாடசாமியைக் குற்றம் சொல்ல முடியுமா? துரை அவர்களே, முடியுமா?

நேற்று அவர் மனைவி பரிமளம் அம்மாள் என்னிடம் வந்தார். பெரியவர் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். “செத்துட்டாருன்னு மட்டும் எழுதுங்க, தம்பி. அந்த வீட்ட விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல” என்று அழுதார். எழுதலாம் என்று பேரேட்டையும் திறந்தேன். ஆனால் அவருக்கு எழுதினால் நல்லையாவுக்கும் எழுத வேண்டும். நல்லையாவுக்கு எழுதினால் அந்த ரோட்டோரம் முழுவதற்கும் எழுத வேண்டும். துரையைக் கேட்டேன். விதிப்படி செய்யச் சொன்னார்.

ஆகவே, சபையோரே, உறுதி கூறுகிறேன். பெரியவர் கட்டிய அட்டவணையை அவர் பேராலேயே நான் குலைக்க மாட்டேன். ராமாமிர்தம் பிள்ளை ஓடிப்போனார் என்று இன்று காலையே எழுதிவிட்டேன். வீட்டுச் சாவியை அம்மாள் மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும்.

இப்போது எல்லாரும் எழுந்து மௌனமாக நிற்போம். முன்வரிசை நாற்காலி இறந்தவர் மனைவிக்கு உரியது. பரிமளம் அம்மாள் பின்னால் போய், மாரியாயி பக்கத்தில் நிற்கட்டும்.