கொசுப்புழு வாளி

மீன் வளர்க்கிறவங்க முதல்ல பார்க்க வேண்டியது மீனோட அழகை இல்லை தம்பி, அதோட வாயை. வாய் எவ்வளவு பெருசோ அந்த அளவுக்குத்தான் தீனி. இது தெரியாம பாதிப்பேர் மீனைக் கொன்னுட்டு, தண்ணி சரியில்லைன்னு தண்ணி மேல பழியைப் போடுவாங்க.

நீங்க எழுதிக்கிட்டே இருங்க, நான் நிதானமாவே சொல்றேன். வாளியைப் பத்தித்தானே கேட்டீங்க, அங்கதான் வர்றேன்.

எங்க வீட்டுல ஏஞ்சல் மீன் ஒரு ஜோடி, அப்புறம் அதுங்க குஞ்சுங்க. டப்பாத் தீனி போட்டாலும் தின்னும், ஆனா நாளாக ஆக வெளுத்துப் போயிடும். உசுரோட நெளியுறதைப் போட்டாத்தான் நிறம் ஏறும். கடையில நூல் நூலா, கொத்தா ஒரு சிவப்புப் புழு விப்பாங்க. சாக்கடையில வளர்றது. எத்தனை தடவை கழுவினாலும் நோயைக் கூடவே கூட்டிக்கிட்டு வரும், அதை நான் வாசப்படி ஏத்த மாட்டேன். பொடிக் குஞ்சுக்கு, உப்புத் தண்ணியில பொரிக்கிற இறால் குஞ்சு. பெரிய மீனுக்குக் கொசுப்புழுதான் விருந்து. செலவே இல்லை. ஒரு வாளி நல்ல தண்ணி, நாலு காஞ்ச இலை, கொஞ்சம் நிழல், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்துல மட்டும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு இருக்கணும். புழு தலை பெருத்து, கமா மாதிரி சுருண்டுடுச்சுன்னா அன்னைக்கே வடிகட்டி மீனுக்குப் போட்டுடணும். விட்டா ரெக்கை முளைச்சிடும். இத்தனை வருஷத்துல என் கை தப்பி ஒரு கொசு பறந்ததில்லை. அதனாலதான், "அத்தைக்கு வயசாயிடுச்சு சார், வாளியை மறந்துட்டாங்க"ன்னு எங்க மாப்பிள்ளை உங்ககிட்ட சொன்னது எனக்குப் பொறுக்கலை.

என் வீட்டுக்காரர் பக்கவாதத்துல படுத்து ரொம்ப வருஷமாச்சு. வலது பக்கம் சுத்தமா போச்சு, பேச்சும் போச்சு. குறை சொல்ல வரலை, நல்ல மனுஷன்தான். ஆனா பாருங்க, நான் அவர் ரூமுக்குள்ள போனா, அங்க இருக்கிற தொட்டி மீனெல்லாம் கண்ணாடிகிட்ட ஓடி வரும். இவர் வாயை இறுக்கி மூடிக்குவார். ஸ்பூனைக் கடிச்சு வச்சுக்கிட்டு விட மாட்டார். சாப்பாடு பூரா கழுத்துல வழியும், துடைப்பேன். மறுபடி வழியும்.

மழை விட்டதும் தெருவுல காய்ச்சல் வந்துச்சு. மருந்தடிக்கிற ஆள் வந்து, "நல்ல தண்ணியில வளர்ற கொசும்மா, பகல்லதான் கடிக்கும். மூடியில தண்ணி நின்னாக்கூட கொட்டிடுங்க"ன்னார். கொட்டிடறேன்னேன். எதிர் ஜன்னல் டெய்லர் அப்போ அதே காய்ச்சல்ல கிடந்தார். அவர் ஜன்னலும் எங்க ஜன்னலும் கை நீட்டினா தொட்டுக்கற தூரம். அந்த ஆள் தெருமுனை தாண்டினதும் வாளியைத் தூக்கி என் வீட்டுக்காரர் கட்டிலுக்கடியில, பழைய பெட்டிக்குப் பின்னால வச்சேன். ஜன்னலைத் திறந்தேன். வடிகட்டறதை நிறுத்தினேன்.

காய்ச்சல்காரரைக் கடிச்ச கொசுவுக்குள்ள நோய் ஊற நாள் பிடிக்கும்னும் அந்த மருந்தடிக்கிற ஆளே சொல்லியிருந்தார். மீன் வளர்க்கிறவளுக்குப் பொறுமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். காத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பகல்லயும் கொசுவலைக்குள்ளதான் இருப்பார். நாள் வந்ததும் அதுல கால் பக்கமா உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்தேன். யாராவது கேட்டா, மீனுக்கு வடிகட்டி தைக்க வெட்டினேன்னு சொல்லிக்கலாம். என்கிட்ட நல்ல வடிகட்டியே ரெண்டு இருக்கு. நான் கத்தரி போடறதை அவர் பார்த்துக்கிட்டேதான் இருந்தார்.

அவர் கஷ்டத்தைப் பார்க்க முடியாமத்தான் செஞ்சேன். வாக்குமூலத்துல அப்படியே எழுதிக்கங்க.

அந்த நேரம் பார்த்து எம்பொண்ணு வந்து நின்னா. ஒரே பொண்ணு. "நீ கொஞ்சம் காலை நீட்டிப் படும்மா, அப்பாவை நான் பார்த்துக்கறேன்"னு பையை அவர் ரூம்லயே வச்சுட்டா. பகல் பூரா கட்டில் ஓரமா தரையில உட்கார்ந்து அவருக்குப் பேப்பர் படிப்பா. "பாருங்கப்பா, இந்த ஏஞ்சலும் உங்க மாப்பிள்ளையும் ஒண்ணு, தட்டைக் கண்டாத்தான் திரும்பிப் பார்க்கும்"னு கிண்டல் பண்ணுவா. அவர் பாதி வாயால சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைக் காட்டினதே இல்லை.

மறுநாள் அவர் ஒரு மாதிரி கத்த ஆரம்பிச்சார். இடது கையைத் தொங்கவிட்டுக் கட்டிலுக்கடியையே காட்டினார்.

"அம்மா, அப்பா என்ன சொல்றார்?"

"மீனுக்குத் தீனி போடச் சொல்றார்டி."

போய்ப் போட்டுட்டு வந்தா. அவர் நிறுத்தலை. "இன்னும் எவ்வளவுப்பா போடறது, வயிறு வெடிச்சிடும்"னு சிரிச்சா. அதுக்கப்புறம் அவர் கண்ணை மூடிக்கிட்டார்.

நான் அவளைக் கிளம்பச் சொல்லாம இல்லை. உன் வீட்டுக்காரர் ஒத்தையில இருப்பார், போடின்னு தினமும் சொன்னேன். கேக்கலை. முன்கை முழுக்கத் தடிப்புத் தடிப்பா இருந்துச்சு. "இந்த ரூம்ல கொசு பிய்ச்சு எடுக்குதும்மா. அப்பா வலையில அவ்வளவு பெரிய ஓட்டை, நீ கவனிக்கவே இல்லையா? தைச்சுட்டேன்"னா. போய்ப் பார்த்தேன். தன் கைக்குட்டையை வச்சு, சிவப்பு நூல்ல, எறும்பு நுழைய இடம் விடாம தைச்சிருந்தா. அந்தப் பொடித் தையல் நான் சொல்லிக்குடுத்ததுதான்.

வாளியைக் கொட்டியிருக்கலாம். அது எப்படிம்மா இங்க வந்துச்சுன்னு அவ கேட்டா, நான் என்னன்னு சொல்றது? அதான் விட்டுட்டேன்.

காய்ச்சல் வந்துச்சு. ஈறுல ரத்தம் கசிஞ்சப்போதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அங்கேருந்து அவ நடந்து வரலை.

அவருக்கு ஒண்ணும் ஆகலை, உடம்புகூட சுடலை. இப்பல்லாம் ஸ்பூனைக் கொண்டுபோனா உடனே வாயைத் திறக்கிறார். என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு ஒரு பருக்கை விடாம முழுங்கறார்.

வாளியை வச்சது நான்தான். மறதி இல்லை, அதைத் தெளிவா எழுதிக்கங்க தம்பி. ஆனா எம்பொண்ணு விஷயத்தை என் மேல எழுதாதீங்க. யாரையும் கேக்காம செய்யறது சின்ன வயசுலேர்ந்தே அவ பழக்கம். ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்த ஓட்டையைத் தைக்காதேன்னு சொல்லியிருப்பேனே.