நேர்ந்துவிட்ட தற்குறி

வரமாட்டேன்னா வரமாட்டேன் பாப்பா. கெஞ்சாத. அந்தப் பக்கெட்டத் தள்ளி வச்சிட்டு ஸ்டூல்ல வேணா உக்காரு, கால் வலிக்கும். படிக்க மட்டும் கூப்பிடாத.

யாரு அனுப்புனா, மேடமா? அதானே. டீச்சராகப் போறவங்க ஆளுக்கு ஒரு தற்குறியப் புடிச்சு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்கணும், அதுக்கு மார்க்கு. வெளிய போயித் தேட யாருக்கு ஒடம்பு வளையுது? இங்கயே மாடிப்படிக்கு அடியில ஒருத்தி துடைப்பமும் கையுமா உக்காந்திருக்காளே! கோயிலுக்கு ஆடு நேர்ந்து விட்ட மாதிரி இந்தக் காலேஜுக்குன்னு நேர்ந்து விட்ட தற்குறி நானு. வருஷா வருஷம் என் தலையிலதான் தண்ணி தெளிக்கறாங்க.

சிரி, நல்லா சிரி. பட்டவளுக்குல்ல தெரியும்.

மொத வருஷம் ஒருத்தி வந்தா. உன்ன மாதிரியேதான், இஸ்திரி கலையாத துணி. கையில ஒரு மணி. என்னாத்துக்கும்மா மணின்னேன். யாரோ ஒரு பெரிய மனுஷன் நாய்க்குச் சோறு வைக்கறப்பல்லாம் மணி அடிச்சானாம், அப்புறம் சோறே இல்லாம மணி அடிச்சாலும் அதுக்கு எச்சி ஊறுச்சாம். அதனால எனக்கும் மணி. எழுத்தக் காட்டுவா, டிங்குன்னு அடிப்பா. எச்சியும் ஊறல, எழுத்தும் ஏறல. தூ! அந்த நாயாவது ஆரம்பத்துல சோத்தப் பாத்துச்சு.

அடுத்து வந்தவன் பிஸ்கட்டு. சரியா சொன்னா ஒண்ணு தருவான். சட்டைப் பையில வச்சு வேர்வையில ஊறிப்போயிருக்கும், வெரல நக்கிக்கிட்டே எடுத்து நீட்டுவான். உவ்வே! அதத் திங்கக் கூடாதுன்னே தெரிஞ்ச எழுத்தையும் தப்பாச் சொன்னேன். கத்துக்கற ஆர்வம் கம்மின்னு எழுதிட்டுப் போயிட்டான்.

அப்புறம் ஒரு மகராசி. சொல்லியே குடுக்கக் கூடாதாம், கத்துக்கறவங்களே கண்டுபிடிக்கணுமாம். மரத்துல செஞ்ச எழுத்துங்கள என் முன்னாடி கொட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டா. நான் அட காக்கற கோழி மாதிரி உக்காந்திருக்கேன். என்னத்தக் கண்டுபிடிக்க? ரெண்டு எழுத்து ஒடஞ்சிருந்துச்சு, அதக் கண்டுபிடிச்சேன்.

இதுக்கெல்லாம் மேல ஒருத்தன். கண்ணு கலங்கக் கலங்கப் பேசுவான். பாவப்பட்ட ஜனங்க அவங்கவங்க வாழ்க்கையிலருந்தே படிக்கணும்மான்னான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் வந்து பாத்தா துடைப்பத்துல துடைப்பம்னு எழுதி ஒட்டியிருக்கான். பக்கெட்டுல பக்கெட்டு. கக்கூஸ் கதவுல கக்கூஸ். ஏண்டா தம்பி, என் வாழ்க்கையில இந்த மூணுதான் உன் கண்ணுல பட்டுச்சா? வீட்டுல புருஷன்னு ஒருத்தர் இருக்காரு, அவரு நெத்தியில என்னத்தடா ஒட்டுவன்னு கேட்டேன்.

அப்புறம் எல்லாரும் எப்படிப் பாஸானாங்களா? நல்லாக் கேட்ட போ. பரிட்சை வைக்கற ஆளு வர்றாருன்னா முந்தின நாளே தியரியெல்லாம் காத்துல பறந்துரும். நான் மூக்கச் சொறிஞ்சா அம்மான்னு சொல்லுங்க, காதச் சொறிஞ்சா ஆடுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் பாடம். ஒருக்கா ஒருத்திக்கு நெசமாவே காதுல கொசு கடிச்சிருச்சு. அவ சொறியறா, சொறியறா, நானும் ஆடு ஆடு ஆடுன்னு கத்தறேன். வந்த ஆளு அசந்துட்டாரு. இந்தம்மாவுக்குப் படிப்புல என்னா வெறி பாருங்கன்னாரு.

கருமம். சிரிப்பாத்தான் இருக்கு, ஆனா சொல்லச் சொல்ல வாயெல்லாம் கசக்குது. நான் படிச்சேனா இல்லையான்னு ஒருத்தருக்காச்சும் கவலை இருந்துச்சா? மார்க்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப எந்தப் புள்ளைங்க காதுல மணி அடிச்சிட்டிருக்காங்களோ.

போன வருஷம் கொடுமையோட உச்சம். என்னை மேடையிலயே ஏத்திட்டாங்க. ஒரு பக்கத்த மனப்பாடம் பண்ண வச்சு, வெரல நகத்தி நகத்தி வாசிக்கற மாதிரி ஒப்பிக்கச் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு மொத வரிசையில. பொண்டாட்டி படிச்சிட்டான்னு அந்த மனுஷன் அடிச்ச விசில்ல ஹாலே திரும்பிப் பாத்துச்சு. அந்த மூஞ்சியப் பாத்து எல்லாம் டூப்புய்யான்னு எப்படிச் சொல்றது? இன்னமும் அவருக்குத் தெரியாது.

ஆசை இல்லாமயா இருக்கேன்? இப்பத்தான் வெறியே புடிச்சிருக்கு. போன மாசம் நம்ம காலேஜு நடத்துற சாயங்கால வகுப்புக்கு நானே போயி நின்னேன், என்னையும் சேத்துக்கங்கன்னு. கம்ப்யூட்டர்ல பேரத் தட்டிப் பாத்துட்டுச் சொல்றாங்க, நீங்கதான் வருஷா வருஷம் பாஸாயிருக்கீங்களேம்மா, படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இங்க எடம் இல்லையேன்னு. சீ! ஒலகத்துலயே அதிக தடவ பாஸான தற்குறி நாந்தான்.

இப்ப என்ன அவசரமா? அவசரம் ஒண்ணுமில்ல. அவருக்குத் தொண்டையில ஒரு கட்டி வந்துச்சு. ஆபரேஷன் பண்ணி, அவரு உயிரக் குடுத்துட்டுக் குரல எடுத்துக்கிட்டாங்க. விசிலும் போச்சு, வசவும் போச்சு. இப்ப ஏதாச்சும் சொல்லணும்னா என் கையப் புடிச்சு உள்ளங்கையில வெரலால எழுதறாரு. நாந்தான் படிச்சவளாச்சே! தண்ணி, வலி, பசியெல்லாம் மூஞ்சியப் பாத்தே சமாளிச்சிருவேன். ஆனா தெனம் காலையில நான் வேலைக்குக் கெளம்பறப்ப ஒண்ணு எழுதறாரு பாரு, எப்பவும் அதே எழுத்துங்கதான். எழுதிட்டு என் மூஞ்சியவே பாப்பாரு. நானும் சரி சரின்னு தலையாட்டிட்டு ஓடியாந்துருவேன். நேத்து தலையாட்டுனதும் என் கையத் தட்டி விட்டுட்டாரு.

பக்கத்து வீட்டுக்காரிகிட்டக் கேக்கலாந்தான். அவ வாயில நொழஞ்சா தெரு முழுக்கச் சுத்திட்டுத்தான் என்கிட்ட வரும்.

இந்தா, அந்த ஃபைல மூடு. உன் கையக் குடு. நல்லா விரிச்சு வை. மொத எழுத்து இப்படி, சுழிச்சு இழுப்பாரு. அடுத்தது இது. அப்புறம் இது... இங்க வந்ததும் வெரல அழுத்துவாரு. ஏய், ஏய், முழுசா சொல்லிராத! இது என்ன எழுத்து, இது என்ன எழுத்துன்னு ஒவ்வொண்ணாச் சொல்லு. கூட்டி நானே படிச்சுக்கறேன். எனக்கு எழுதுனது அது.